ஞாயிற்றுக்கிழமை முட்டை

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். "கவர்ன்மென்ட் வேலையா?" என்று கேட்பார்கள். கவர்ன்மென்ட் ஆபீசில் வேலை; ஆனால் கவர்ன்மென்ட் வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அரசுத் திட்டங்களுக்கு வந்த பணம் எங்கே போனது, போன இடத்தில் யாருக்குப் பயன்பட்டது என்று எண்களை வைத்துப் பார்த்து மேலே சொல்ல வேண்டும். இதை விளக்கி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியும் வைத்திருப்பார். என் மாமியார் மட்டும் அழகாகச் சுருக்கிவிட்டார்: "எங்க மருமக கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலைல இருக்கா." வீட்டில் பழகியதுதானே என்று அதற்கு அர்த்தம். போகட்டும்.

நான் பிறந்தது குடியாத்தத்தில், லுங்கித் தறி ஓடுகிற வீட்டில். வேலூர் ஆபீசில் எனக்குச் சத்தமாகப் பேசுகிறவள் என்று பெயர். தறி ஓடுகிற வீட்டில் மெதுவாகப் பேசினால் சோறு கிடைக்காது என்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கோபமும் அப்படித்தான், எனக்குச் சட்டென்று வரும். ஆனால் எண்களிடம் மட்டும் நான் பொறுமைசாலி. ஒரு கூட்டுத்தொகை இடித்தால் மத்தியானச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேஜைக்காரர் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், கொழம்பு கெட்டுப்போயிரும்" என்று ஞாபகப்படுத்துவார்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகம். ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்காக அரசு சோதனை முறையில் திறந்தது. ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். டீச்சர் தினமும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று கைபேசிச் செயலியில் பதிந்து ஒரு போட்டோவும் அனுப்ப வேண்டும். பால் எவ்வளவு, முட்டை எவ்வளவு செலவானது என்பதையும் அதிலேயே போட வேண்டும். இதே மாதிரி பல காப்பகங்களின் எண்கள் மாதக் கணக்காகச் சுருங்கி என் திரைக்கு வரும். சரியாக இருந்தால் பச்சை, இடித்தால் சிவப்பு.

இந்தக் காப்பகம் வந்த நாள் முதலாகச் சிவப்புதான். போகப்போக அதுவே இரண்டு சிவப்பாகியது. ஒன்று, பிள்ளைகளின் சராசரி வருகை வேண்டிய அளவைவிடக் கம்மி. இரண்டு, வந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாத அளவு முட்டை செலவு. ஆள் கம்மி, முட்டை ஜாஸ்தி. இதைப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். எனக்கும் வந்தது. எங்கள் அதிகாரிக்கும் வந்தது. அவர் தெற்கே இருந்து மாற்றலாகி வந்தவர், அதிகம் பேசமாட்டார். திரையைப் பார்த்தார். "முட்டை எங்க போகுது?" என்று மட்டும் கேட்டார். விளக்கம் கேட்டு டீச்சருக்கு மெமோ போனது.

பதில் ஒரே வரியில் வந்தது. கவனக்குறைவால் முட்டைகள் உடைந்துவிட்டன, இனி இவ்வாறு நடக்காது. ஆபீசே சிரித்தது. மாதாமாதமா உடையும்? கூடையோடு கீழே போட்டால்கூட இத்தனை உடையாதே! அடுத்த மாதக் கணக்கு வந்தபோது முட்டைச் செலவு சொல்லிவைத்த மாதிரி இறங்கியிருந்தது. வருகைக்கும் முட்டைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. திரையில் முட்டைக் கட்டம் பச்சையானதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். "மெமோவுக்குப் பிறகு செலவு சீரடைந்துள்ளது" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வரி அதிகாரிக்குப் பிடித்திருந்தது. திருட்டு நின்றது என்றால் அதுவரை திருட்டு நடந்தது என்றுதானே அர்த்தம்?

முட்டை பச்சையானாலும் வருகை சிவப்பாகவே இருந்தது. கடைசியில், காப்பகத்தை மூடிவிடலாம், டீச்சரை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதற்கான குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மாதக் கூட்டத்தில் வைக்க வேண்டும். பாதி எழுதியிருந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ஒரு கிரகப்பிரவேசம். என் கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவர். வீடு கட்டியவர் அவருடைய தோஸ்த். விடியற்காலை முகூர்த்தம். காட்பாடியிலிருந்து இருட்டோடு வண்டியில் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமையில்கூடத் தூங்கவிடாத இந்த சிநேகிதத்தை நான் மாதனூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கி, பால் காய்ச்சி, பொங்கலும் வடையும் சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்தால் நகர முடியவில்லை. கம்பெனி பஸ்கள். ஒன்றின் பின் ஒன்றாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை, சேலைக்கு மேல் கம்பெனிக் கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. ஒருத்தி ஈரத் தலையை முடிந்துகொண்டே ஓடிவந்து ஏறினாள்.

"ஞாயித்துக்கிழமைல இன்னாங்க கம்பெனி பஸ்ஸு?" என்றேன்.

"இன்னா, புதுசா கேக்கற?" என்றார் கணவர். "இங்க பாதி கம்பெனிக்கு வெள்ளிக்கிழமதான் லீவு. ஞாயித்துக்கிழம வேலை நாளு. உனக்குத் தெரியாதா?"

தெரியாதா! தோல் தொழிற்சாலைகள் வெள்ளிக்கிழமை மூடும், தொழுகை நாள், கடைத்தெருவே அமைதியாக இருக்கும் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் என்ன பெரிய தூரம்? வெள்ளிக்கிழமை ஆம்பூருக்குப் போகாதே, ஒன்றும் வாங்க முடியாது என்று எங்கள் வீட்டில் சொல்லாத ஆள் கிடையாது. அத்தனையும் தெரிந்திருந்தும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு வாரம் என்றால் திங்கள் முதல் சனி வரை, ஞாயிறு லீவு. செயலி செய்தவர்களுக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பதிவு போட முயன்றால் 'இன்று விடுமுறை' என்று அது கதவைச் சாத்திக்கொள்ளும்.

"அந்தக் காப்பகத்துக்கு வண்டிய விடுங்க" என்றேன்.

"எந்தக் காப்பகம்? வீட்டுக்குப் போயி தூங்கணும்னு சொன்னியே?"

"விடுங்கன்னா விடுங்க."

தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. பிள்ளைகள் சத்தம் என்றால் பத்துப் பதினைந்து பேர் போடுகிற சத்தமில்லை, பள்ளிக்கூடம் விட்ட சத்தம். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே காலி ஷூ அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலில் இடம் கிடைக்காத ஒரு பெண் குழந்தை தரையில் உருண்டு அழுதது. அலமாரி மேல் ஒரு கைபேசி; அதில் சின்னச் சத்தத்தில் சர்ச் ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் உதவியாளர் அம்மா அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒரு கூட்டத்தில் அதிகாரி பக்கத்தில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் கை தன்னால் அலமாரிக்குப் போய்க் கைபேசியை அணைத்தது.

"இன்ஸ்பெக்ஷனா மேடம்?"

"இல்ல டீச்சர். இங்க ஒரு கிரகப்பிரவேசம். சும்மா வந்தேன்."

தாம்பூலப் பையைச் சாட்சிக்குக் காட்டுகிற மாதிரி என் கணவர் தூக்கிக் காட்டினார். டீச்சர் நம்பவில்லை.

எனக்கு நாசூக்காகக் கேட்கத் தெரியாது. நேராகக் கேட்டுவிட்டேன். "இந்த முட்டை யாருது டீச்சர்?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் வந்துவிட்டது. "கவர்ன்மென்ட் முட்டை இல்ல மேடம்! அம்மாங்க ஞாயித்துக்கிழம வரும்போது ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போறாங்க. இல்லாதவங்களுக்கு நான் வாங்கிடறேன். மெமோ வந்ததுலருந்து உங்க முட்டைய ஞாயித்துக்கிழம நான் தொடறதே இல்ல. வேணும்னா உள்ள போயி எண்ணிப் பாருங்க!"

"மெமோவுக்கு முன்னாடி?"

"முன்னாடி இதுங்களுக்குத்தான் போட்டேன். பின்ன யாருக்கு? வீட்டுக்கு எடுத்துக்கினு போயி ஆம்லெட் போட்டேன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தோம். மெமோவுக்குப் பிறகு செலவு சீரடைந்துள்ளது என்று நான் எழுதிய வரி ஞாபகத்துக்கு வந்தது. சீரடைந்தது என்றால் இதுதான். ஷூ தைக்கப் போகிற பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஆளுக்கொரு முட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. தரையில் உருண்ட குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

"அப்ப ஏன் டீச்சர் முட்டை ஒடஞ்சிச்சுன்னு எழுதுனீங்க?"

அவர் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழம தொறக்கறேன்னு எழுதுனா, யார கேட்டுத் தொறந்தன்னு கேப்பீங்க. புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா யார் பொறுப்புன்னு கேப்பீங்க. நாளைலருந்து தொறக்காதன்னு ஆர்டர் வரும். ஆரம்பத்துல நானும் ஞாயித்துக்கிழம மூடிட்டுத்தான் மேடம் இருந்தேன். ஒரு நாள் சர்ச்சுக்குக் கெளம்பறேன், ஒருத்தி கைப்புள்ளையோட இந்தப் படில உக்காந்து அழுவறா. கம்பெனி கேட்ல புள்ளையோட உள்ள உடமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதத் தாண்டி எப்படிப் போறது? திருடின்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க. தொறக்காதன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க இங்க பாத்தத எழுதாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஆனாலும் சொல்லியாக வேண்டும். "எழுதலன்னா மொத்தமா மூடிருவாங்க டீச்சர். ஆள் கம்மின்னு மூடப்போறாங்க, உங்களையும் எடுக்கப்போறாங்க. பாதி எழுதி என் டேபிள்ல இருக்கு."

அவர் அந்த அட்டைப்பெட்டி ரயிலின் கடைசிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது நசுங்கியது. பிள்ளைகள் கத்தின. அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் கணவர், "இன்னா பண்ணப்போற?" என்று கேட்டார்.

"கத்தப்போறேன்."

"அது தெரியும். வேற?"

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் மாதக் கணக்கை ஓரம் தள்ளிவிட்டு நாள்வாரிப் பதிவுகளை இறக்கினேன். அவை எப்போதும் அங்கேதான் இருந்தன, யாருக்கும் தேவைப்படவில்லை. தேதிக்குப் பக்கத்தில் கிழமையைப் போட்டேன். ஒரு நிமிட வேலை. பிறகு கிழமைவாரியாகக் கம்பங்கள் வரைந்தேன். வெள்ளிக்கிழமைக் கம்பம் தரையோடு தரையாக இருந்தது. மற்ற நாட்கள் நெடுநெடுவென்று நின்றன. ஞாயிறுக்குக் கம்பமே இல்லை, பதிவே இல்லையே. ஆம்பூரில் மட்டுமில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, கம்பெனி பஸ் போகிற ஊர்களில் எல்லாம் இதே கதை. அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் மாதிரி ஊர்களில் வெள்ளிக்கிழமைக் கம்பம் மற்றவற்றின் உயரத்துக்கே இருந்தது.

அதிகாரியின் அறைக்குப் போனேன். கத்தவேண்டும் என்று நினைத்துப் போனவள்தான். படத்தை மேஜையில் வைத்ததும் ஏனோ சத்தம் வரவில்லை.

அவர் விரலை வெள்ளிக்கிழமை மேல் வைத்தார். "இது என்ன?"

"அங்க கம்பெனி லீவு சார். அம்மாங்க வீட்ல இருப்பாங்க, புள்ளைங்களும் வீட்ல இருக்கும்."

விரல் நகர்ந்தது. "அப்ப ஞாயிறு?"

"வேலை நாள் சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. "ஞாயித்துக்கிழமை அந்தம்மா தொறக்குறாங்களா?"

இல்லை என்று சொன்னால் டீச்சர் முட்டைத் திருடியாகிவிடுவார். ஆமாம் என்று சொன்னால் அனுமதியில்லாமல் திறந்ததும், மெமோவுக்குப் பொய் எழுதியதும் வெளியே வரும். எழுதாதீங்க மேடம் என்று அவர் கெஞ்சியது காதிலேயே இருந்தது. ஆனாலும் சொன்னேன். "கதவு தொறந்திருந்தது சார். உள்ள நெறைய புள்ளைங்க. நேத்து நானே பாத்தேன். ஒரு கொழந்தைய இடுப்புல தூக்கி வச்சிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

"கிரகப்பிரவேசம் சார்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல வேளை, யாரோ வீடு கட்டுனாங்க" என்றார். பிறகு மூடல் குறிப்பைத் தூரப் போடச் சொல்லிவிட்டு வேறொன்று எழுதச் சொன்னார்: கம்பெனிப் பகுதிக் காப்பகங்களுக்கு வார விடுமுறையை வெள்ளிக்கு மாற்றலாம்.

மேலே போய், கேள்வி வந்து, பதில் போய், அது நடக்க மாதங்கள் ஆயின. எங்கள் வேகம் ஊருக்கே தெரிந்ததுதான். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு திறந்திருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனால் மெமோவுக்குப் பொய்யான பதில் கொடுத்ததற்காக டீச்சருக்கு எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை போனது. அதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. இதற்குத்தான் கத்தினேன், பிரயோசனமில்லை.

உத்தரவு வந்த அன்று நானே போன் செய்தேன். "டீச்சர், இனிமே ஞாயித்துக்கிழம போன்ல ஆப்பு தொறக்கும். கவர்ன்மென்ட் முட்டையே போடலாம். வெள்ளிக்கிழம உங்களுக்கு லீவு."

போனில் பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெள்ளிக்கிழம சர்ச்சு இல்லியே மேடம்" என்றார்.

அவருடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்து நான் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டிருந்தேன். அதுவரை அவர் மனமுவந்து கொடுத்ததை, இனி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"ஐயோ, சும்மா சொன்னேன் மேடம்" என்று அவரே சிரித்தார். "சாயங்கால ஆராதனைக்குப் போய்க்கறேன். பெரிய வெள்ளிக்குக் கவலையில்ல, அது எப்படியும் லீவு. ஈஸ்டர்தான் பேஜாரு. அது எப்பவும் ஞாயித்துக்கிழமதான வரும்."

அரசு விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெரிய வெள்ளி இருந்தது. ஈஸ்டர் இல்லை. ஞாயிறு எப்படியும் லீவுதானே, எதற்குத் தனியாகப் போடவேண்டும் என்று விட்டிருப்பார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மீன் கழுவுகிற கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் அந்தக் காப்பகத்தின் பதிவு வந்துவிட்டதா என்று பார்ப்பேன். ஊரில் மற்ற பால்வாடிகள் மூடுகிற நாள் என்பதால், வாரத்திலேயே உயரமான கம்பம் ஞாயிறுதான். வருகைக் கட்டமும் பச்சையாகி, மூடுகிற பேச்சு நின்றுபோனது. "லீவு நாள்லயும் குத்தம் பாக்கறா பாரு" என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

ஈஸ்டர் அன்று பதிவு வரவில்லை. வழக்கமான நேரம் தாண்டியது. கட்டம் சிவப்பாகி, அதில் சைபர் விழுந்தது. மீனை அப்படியே போட்டுவிட்டேன். மூடிவிட்டாரா? பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? யாராவது அந்தப் படியில் உட்கார்ந்திருப்பார்களா? போன் செய்தேன். இரண்டாவது முறைதான் எடுத்தார். பின்னால் கூட்டமாகப் பாடுகிற சத்தம்.

"சர்ச்சுல இருக்கேன் மேடம்" என்றார் ரகசியமாக.

"காப்பகம் மூடியா டீச்சர்?"

"மூடுவனா? தொறந்துதான் இருக்கு. வாரா வாரம் நம்ம புள்ளைங்கள பாத்துக்கறீங்க, இன்னிக்கி ஒரு நாளு நீங்க போங்கன்னு அம்மாங்கள்ல ரெண்டு பேரு கம்பெனில சம்பளம் புடிச்சாலும் பரவால்லன்னு லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க. ஒருத்தி யாருன்றீங்க? அன்னிக்கிப் படில உக்காந்து அழுதாளே, அவதான். முட்டையும் அவங்களே கொண்டாந்துட்டாங்க. ஆப்புலதான் போட முடியல, அது நான் இருந்தாத்தான் எடுக்கும். சைபர்னு விழுந்திருக்கும் மேடம். ஆபீஸ்ல எதுனா சொல்லுவாங்களா?"

"நான் பாத்துக்கறேன். நீங்க பாடுங்க" என்றேன்.

மறுநாள் சிவப்பு விழுந்த காப்பகங்களின் பட்டியல் எனக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். ஆம்பூருக்கு எதிரே, 'டீச்சர் விடுப்பு. விளக்கம் தேவையில்லை' என்று எழுதினேன். சைபரைத் திருத்தவில்லை. அன்றைக்கு அங்கே எத்தனை பிள்ளைகள் முட்டை சாப்பிட்டார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் கேட்கவில்லை.